கேட்டில் சொல்ல வேண்டியது

1

திங்கள், புதன், வெள்ளி. சமையலறைச் சுவரில் தொங்கும் சிவகாசிக் காலண்டரில் இந்த மூன்று கிழமைத் தாள்களிலும் ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அந்த நாட்களில் மட்டும் எனக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை. தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் அது. என் தம்பி காளிராஜ் ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியது. ராகுகாலமும் எமகண்டமும் ஊர் நேரப்படி அச்சடித்திருக்கும். இங்கிலாந்தின் நடுவில் இருக்கிற இந்தச் சின்ன ஊரில், பாதி நாள் அந்த நேரத்துக்கு நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம். அதனால் எங்களுக்குக் கெட்ட நேரமே கிடையாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் பஸ் ஓட்டுகிறவர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவர்.

போன வாரம் அப்படி ஒரு தாளைக் கிழித்தபோது மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் அப்பாவைவிட எனக்கு வயது கூடிவிட்டது. அப்பா ஐம்பத்தொரு வயதில் இறந்தார். அது ரேஷன் கார்டுக் கணக்கு, உண்மையான பிறந்த தேதி அவருக்கே தெரியாது. எப்படியானாலும் ரேஷன் கார்டுப்படி நான் இப்போது அவருக்கு அக்கா.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதுகூட நான்கு வரிக்கு ஒரு முறை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அப்பா ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டார். எல்லோரும் இறங்கின பிறகு, தூங்குகிறார் என்று நினைத்து டிரைவர் தோளைத் தட்டியிருக்கிறார். பட்டாசு வேலை நெஞ்சைத் தின்றுவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். ரத்தத்தில் கொழுப்பு இருக்கிறதா என்று எவரும் எடுத்துப் பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்து இங்கே எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு மிக அதிகம், இது குடும்பத்தில் வருகிற வகையாக இருக்கலாம் என்றார் டாக்டர். அப்பாவோ அம்மாவோ சிறு வயதில் இறந்தார்களா என்று கேட்டார். அப்பா வேனில் இறந்தார் என்று நான் சொன்னேன். அவர் அதைச் சாலை விபத்து என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். அதைத் திருத்துவதற்கு எனக்கு இரண்டு முறை நேரம் வாங்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை இருந்தவர் வேறு டாக்டர். அப்பா எந்த வேனில், எப்படி உட்கார்ந்திருந்தார் என்று முதலிலிருந்து சொன்னேன். சொல்லி முடித்தபோது என் நேரம் முடிந்திருந்தது.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பட்டாசுக் கம்பெனி பக்கம் போகாதவர்களுக்காக எழுதுகிறேன். காலையில் கம்பெனி வாசல் கேட்டில் மூன்று காரியம் நடக்கும். செல்போனைப் பெட்டியில் போட வேண்டும். பீடி, தீப்பெட்டி இல்லை என்று மடியைத் தட்டிக் காட்ட வேண்டும். மூன்றாவதை எங்கள் கம்பெனியில் எந்தப் பலகையிலும் எழுதி வைத்ததில்லை. வெடிமருந்து சேர்க்கிற கலவை அறைக்குப் போகிற ஆள், காய்ச்சலோ, தூக்கமில்லையோ, வீட்டில் சண்டை போட்டு மனசு சரியில்லையோ, எதுவானாலும் அதைக் கேட்டிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அன்றைக்கு அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கூலி குறையும், பெட்டி ஒட்டுகிற பெண்கள் நாள் முழுக்கக் கேலி செய்வார்கள். அவ்வளவுதான். ஆனால் உள்ளே போன பிறகு சொல்லக் கூடாது.

அப்பா கலவைக்காரர். கேட்டில் சொல்கிற பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பரீட்சையில் குறைந்த மார்க் வாங்கினாலும், பானையை உடைத்தாலும், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டால் அடி கிடையாது. உள்ளே வந்து அவராகக் கண்டுபிடித்தால் தொலைந்தோம். நானும் தம்பியும் அவர் வேன் வருகிற நேரத்துக்கு வாசலில் வரிசையாக நிற்போம். அவர் போன பிறகு கலவை அறைக்குத் தம்பி போனான். நான் விருதுநகரில் கல்லூரி முடித்து, கல்யாணமாகி, இங்கே வந்து ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. ஊரில் வேலை நேரத்தில் அங்கிருந்து போன் வரக் கூடாது. கம்பெனிக்குள் இருக்கிறவன் கையில் போன் இருக்காது. அந்த நேரத்தில் மணி அடித்தால், அவனைப் பற்றி வேறு யாரோ பேசப்போகிறார்கள் என்று பொருள். இருபத்தாறு வருஷமாக நான் அந்த மணிக்குப் பயந்தே இருக்கிறேன்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். ஆரம்பித்து மூன்று மாதத்தில் இரண்டு தொடையிலும் வலி வந்தது. அது வெறும் வலி இல்லை. காலையில் கடுப்பு, மத்தியானம் குடைச்சல், படி இறங்கும்போது உள்ளே யாரோ சதையைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஓர் இழுவை. பள்ளிக்கூடத்தில் கீழ்த்தட்டிலிருந்து பாத்திரம் எடுக்கக் குந்தினால், ஓவன் அடுப்பின் கைப்பிடியைப் பிடித்துத்தான் எழுந்திருக்க முடிந்தது. கூட வேலை பார்க்கும் ஷேரன் என்னைத் தூக்கிவிட கிரேன் வரவழைக்கலாமா என்று கேட்பாள்.

டாக்டரிடம் போனேன். கடுப்புக்கும் குடைச்சலுக்கும் இழுவைக்கும் இங்கிலீஷில் எனக்கு ஒரே சொல்தான் கிடைத்தது. அவர் ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்டார். எங்கள் வீட்டில் வலிக்கு யாரும் மார்க் போட்டதில்லை. எட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அழுமூஞ்சி என்று நினைப்பாரோ, இந்த நாட்டு மருந்தே ஒத்துக்கொள்ளாத ஆள் என்று எழுதிவிடுவாரோ என்று ஏதேதோ தோன்றியது. மூன்று என்றேன். மூன்று என்றால் லேசான வலியாம். தொடருங்கள், கூடினால் சொல்லுங்கள் என்றார்.

நான் தொடரவில்லை. நானாக நிறுத்தினேன். மூன்று வாரத்தில் தொடை இறகாகிவிட்டது. படிகளில் ஏறி இறங்கிப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. கொழுப்பை வேறு வழியில் அடக்கிவிடலாம் என்று ஓட்ஸ் கஞ்சியும் பச்சைப் பூண்டும் நடையுமாக ஆரம்பித்தேன். முறுக்கை விட்டேன். ரத்தம் கொடுக்க வரச்சொல்லிக் குறுஞ்செய்தி வந்தபோதெல்லாம் அழித்தேன். கொழுப்பு குறைந்ததா கூடியதா என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் நிம்மதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாத்திரை வருவது மட்டும் நிற்கவில்லை. மருந்துக்கடையிலிருந்து மாதாமாதம் பெட்டி தானாக வந்தது. கொண்டுவருகிறவர் எல்லாம் சரியா என்று கேட்பார், சரி என்பேன். வந்த பெட்டிகளை அரிசி டிராயரில் அப்பளத்துக்குப் பின்னால் அடுக்கினேன். மாத்திரையைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை.

3

மாசி மாதம் தம்பி மகளின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை, அதற்குள் போய்த் திரும்ப வேண்டும். வெளிநாட்டிலிருந்து போகிறவள் பெட்டியில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சாக்லேட், வலித் தைலம், சென்ட்டு. என் பெட்டியில் அரிசி டிராயரிலிருந்து எடுத்த ஒன்பது மாத்திரைப் பெட்டிகளும் இருந்தன.

தம்பிக்கும் கொழுப்பு இருந்தது. கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் கண்டுபிடித்து, சாத்தூரில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். நினைத்தால் போடுகிறார், மறந்தால் விடுகிறார் என்று அவன் மனைவி தனலட்சுமி போனில் குறைப்பட்டிருந்தாள். கல்யாண வேலை ஓய்ந்த மறுநாள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது நான் பெட்டிகளை எடுத்து வைத்தேன். தனத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த ஊர் மாத்திரை என்றால் சும்மாவா, இனிமேல் உங்க தம்பி தட்ட முடியாது மதினி என்றாள்.

காளிராஜ் ஒரு பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"நீயும் இதத்தான் போடுறியாக்கா? ஒண்ணும் செய்யலையே?"

"தினமும் போடுறேன்லே. ஒண்ணும் செய்யாது. அப்பா வயசத் தாண்டி நீ இருக்கணும், அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

கடைசியில் சொன்னது மட்டும்தான் நிஜம். அவனுடைய பழைய மாத்திரைப் பட்டை பக்கத்திலேயே கிடந்தது. அதில் போட்டிருந்த மில்லிகிராம் எண்ணைப் போல நான்கு மடங்கு என் பெட்டியில் போட்டிருந்தது. அதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். பெரிய எண், பெரிய பலன் என்று நினைத்தேன். எனக்கு வந்த வலி குளிரால் வந்திருக்கும், எனக்கு வயதாகிறது, அவன் வெயிலில் உரமேறிய உடம்புக்காரன், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்றெல்லாம் சமாதானம் கைவசம் இருந்தது. கல்யாண வீட்டில், தனத்தின் முன்னால், நான் மாத்திரையைக் கைவிட்டவள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

4

ஆகஸ்டில் மகள் யாழினி விடுமுறைக்கு வந்தாள். வேறு ஊரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் நான்கு வரி அனுப்பினால் ஒரு எழுத்தில் பதில் அனுப்புகிற பிள்ளை. குடும்பத்தில் வருகிற கொழுப்பு என்பதால் நீயும் ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார் என்று வருஷக்கணக்காக அவளை நச்சரித்துக்கொண்டிருந்தேன். அப்பளம் தேடி அரிசி டிராயரைத் திறந்தவள் மிச்சமிருந்த பெட்டிகளை மேஜையில் அடுக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

எனக்குக் கோபம் வரக்கூடிய விஷயங்களை அவள் இங்கிலீஷில்தான் பேசுவாள். நீங்களே சாப்பிடாத மாத்திரைக்காகவா என்னை டாக்டரிடம் போகச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். பிறகு பெட்டிகளின் மேலிருந்த மாதங்களைப் பார்த்தாள். நடுவில் ஒன்பது மாதம் இல்லையே, அவை எங்கே என்றாள். மாமாவுக்குக் கொடுத்தேன் என்றேன். உங்களுக்குக் கால் வலித்தது மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். நான் பருப்பைக் கிளறினேன். அவள் பெட்டிகளை மறுபடி டிராயரில் அடுக்கினாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் திரும்பிப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனம் போனில் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்குப் பின்பக்கம் நின்று பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"மதினி, உங்க தம்பிக்கு ரெண்டு மாசமா தொடையில பெலமே இல்ல. உக்காந்தா எந்திரிக்க முடியாம செவுத்தப் பிடிக்காக. நேத்து கம்பெனியில தட்டத் தூக்கிட்டு எந்திரிக்கும்போது தடுமாறிட்டாகளாம். பக்கத்துல நின்ன ஆளுதான் பிடிச்சிருக்காரு. யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தம் போடுதாக."

கலவை அறையில் தரையில் குந்தி உட்கார்ந்துதான் ரசாயனங்களைச் சலித்துச் சேர்ப்பார்கள். சேர்த்த கலவையைத் தட்டில் அள்ளி, எழுந்து, பக்கத்து ஷெட்டுக்கு மெதுவாக நடந்து கொண்டுபோக வேண்டும். அந்தத் தட்டு கீழே விழக் கூடாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்னால் தெரிகிற விஷயம் இது.

போனைத் தம்பியிடம் கொடுக்கச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே வந்தான். சீசனில் எவனுக்கு உடம்பு வலிக்கவில்லை, அம்புட்டு ஆர்டர் நிற்கிறது, கலவைக்கு ஆள் இல்லை என்றான். கேட்டில் சொல்லிவிடு என்றேன். கம்பெனி கேட்டில் நின்று கால் வலிக்கிறது என்று சொல்ல நான் என்ன கிழவனா என்றான். மாத்திரை போடுகிறாயா என்று கேட்டேன். ஒரு நாள் தப்பாமல் போடுவதாகச் சொன்னான். நீ அவ்வளவு தூரத்திலிருந்து சுமந்து வந்தது, வீணாக்குவேனா என்றான்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்னால் எல்லா மாத்திரையையும் தூக்கி எறிந்துவிட்டு அப்பாவைப் போலப் போய்விடுவானோ என்று ஒரு பயம். அக்காவே தம்பிக்கு விஷம் கொடுத்தாள் என்று ஊர் பேசுமே என்று ஒரு பயம். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

5

மறுநாள் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் ஊர் நேரத்துக்காக நாலரை மணி நேரம் கூட்டுவதுமாக இருந்தேன். இப்போது சலித்துக்கொண்டிருப்பான். இப்போது அள்ளுவான். இப்போது எழுந்திருப்பான். கேட்டுக்குப் போன் போட்டால் வாட்ச்மேன் எடுப்பார், அவரிடம் சொல்லலாம். அதை நினைத்துக்கொண்டே காரட் நறுக்கினேன். பேசவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பட்டாணி வைத்திருந்த பெரிய தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் இருக்கும் பக்கம் திரும்பினேன். என் தொடையில் இப்போது வலி இல்லை, எந்தக் கோளாறும் இல்லை. ஆனாலும் தட்டு நழுவியது. தரையில் விழுந்த சத்தம் கூடம் முழுவதும் கேட்டது.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது தட்டைக் கீழே போட்டால் பிள்ளைகள் எல்லோரும் ஓவென்று கத்திக் கைதட்டுவார்கள். அன்றைக்கும் தட்டினார்கள். இருநூறு பிள்ளைகள், சின்னக் கைகள், சிரிப்பு. ஷேரன் எனக்குப் பதிலாகக் குனிந்து வணக்கம் போட்டாள். பட்டாணி மேஜைக்கு அடியிலெல்லாம் உருண்டு ஓடியது. நான் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது பொத்தினேன் என்று எனக்குத் தெரியாது. ஷேரன் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஒரு மணிக்கு வெளியே குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அங்கே ஐந்தரை. கம்பெனி விட்டு, போனை வாங்கிக்கொண்டு, வேனில் ஏறியிருப்பான். இரண்டாவது முறை எடுத்தான். வேன் இரைச்சலும் பாட்டுச் சத்தமும் கேட்டன. இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளைக் காலை இருக்கிறது.

"ஏலே, நான் சொல்றத முழுசாக் கேளு. அந்த மாத்திரைய நான் சாப்பிடல. ஒரு வருசத்துக்கு மேலாச்சு. ஒனக்கு வந்த அதே வலி எனக்கும் வந்துச்சு, அதனாலதான் நிறுத்துனேன். தூரப்போட மனசில்லாம ஒனக்குக் கொண்டாந்து குடுத்துட்டேன்."

டிரைவரிடம் பாட்டைக் குறைக்கச் சொன்னான்.

"வலிக்கும்னு தெரிஞ்சேவாக்கா குடுத்த?"

"தெரிஞ்சுதான். ஒனக்கு ஒண்ணும் செய்யாதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன். அளவும் ஒன் மாத்திரையவிட நாலு பங்கு. இன்னிக்கோட நிறுத்திரு. நாளைக்குக் கேட்ல சொல்லிட்டு டாக்டர்ட்டப் போ."

அவன் குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"அந்த ஷெட்ல என்னோட சேத்து நாலு பேரு இருக்கோம்க்கா."

போனை வைத்துவிட்டான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். அந்த நாலு பேரில் ஒருவனுக்குப் போன ஆனியில்தான் குழந்தை பிறந்தது, அதன் படத்தைத் தம்பிதான் எனக்கு அனுப்பியிருந்தான்.

சாயங்காலம் இரண்டு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தனமும் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதற்கும் சிரிக்கிற மனுஷர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. முதலில் உன் டாக்டரிடம் சொல் என்றார். தம்பியைக் கேட்டில் சொல்லச் சொல்கிறாயே, நீ சொன்னாயா என்று அவர் கேட்காமல் கேட்டது எனக்குக் கேட்டது.

6

இங்கே டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குப் போன் போட வேண்டும். எட்டு அடித்த அந்த நிமிஷத்தில் ஊரே போன் போடும். மறுநாள் காலை நான் சரியாக எட்டுக்கு அழுத்தினேன். பதிவு செய்த குரல், நீங்கள் பதினோராவது ஆள் என்றது. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஒன்பது. ஏழு. என் ஷூவின் நாடாவைக் கட்டினேன், அவிழ்த்தேன். நான்கு. மூன்று.

அப்போது போனில் இன்னொரு அழைப்பு வந்தது. திரையில் தம்பி பெயர்.

அங்கே மத்தியானம் பன்னிரண்டரை. சீசன். செவ்வாய்க்கிழமை. அந்த நேரத்தில் அவன் போன் கேட்டில் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அதை எடுத்து யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள். மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். வரிசையை விட்டுவிட்டு எடுத்தேன்.

"அக்கா," என்றான் காளிராஜ். அவனேதான். "கேட்ல சொல்லிட்டேன்."

நான் அழுததில் அவன் அடுத்துச் சொன்னது பாதி புரியவில்லை. இன்னொரு முறை சொன்னான். காலையில் கேட்டில், மாத்திரையால் கால் ஓய்ந்திருக்கிறது, கலவைக்குப் போக மாட்டேன் என்று போர்மேனிடம் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறான். போர்மேன் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி ஒட்டுகிற இடத்தில்கூட வேண்டாம், முதலில் டாக்டரைப் பார் என்று போனைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். தனமும் கூடப் போயிருக்கிறாள். சாத்தூர் டாக்டர் என் பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, இதை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டாராம். அக்கா என்று சொல்லியிருக்கிறான். டாக்டரா என்று கேட்டாராம். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி என்று சொன்னானாம். அந்த மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, சதை எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்திருக்கிறார். சரியானதும் வேறு வகையில் சின்ன அளவிலிருந்து ஆரம்பிக்கலாம், வலித்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், என்னிடம் வந்து சொல்லுங்கள், மாற்றுவதற்கு எவ்வளவோ வழி இருக்கிறது என்றாராம். இதே வார்த்தைகள் எனக்காகவும் ஒரு வருஷமாக ஒரு போன் தூரத்தில் இருந்திருக்கின்றன.

"கோவமா இருக்கியாடா?"

"இருக்கு. இப்போதைக்குப் போகாது." அப்புறம் கேட்டான்: "நீ அங்கன சொல்லிட்டியா?"

"வரிசையில இருந்தேன். மூணாவது ஆளு. ஒன் போன் வந்துச்சு, விட்டுட்டேன்."

"அப்ப வையி. மொதல்ல போயிச் சொல்லு."

வைத்தேன். மறுபடி அழுத்தினேன். நீங்கள் பத்தொன்பதாவது ஆள் என்றது குரல். வேலைக்குத் தாமதமாகும் என்று ஷேரனுக்குச் செய்தி அனுப்பினேன். படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் வேன் வருவதற்காக வாசலில் நின்ற நாட்களில் எனக்கு முன்னால் எப்போதும் தம்பிதான் நிற்பான். சின்னவன் முதலில் சொல்லித் தப்பிக்கட்டும் என்று நான் அவனை முன்னால் தள்ளுவேன். என் முறை வரும்போது அப்பா பாதிச் செருப்பைக் கழற்றியிருப்பார்.

பத்து. ஆறு. ஒன்று.

வரவேற்பில் இருந்த பெண் என்ன விஷயம் என்று கேட்டார். அவர் டாக்டர் இல்லை. எல்லாவற்றையும் அவரிடம் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அவர்தான் அங்கே வாசலில் இருந்தார். எனக்குக் கொழுப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். ஒரு வருஷத்துக்கு மேலாகச் சாப்பிடவில்லை, சாப்பிடுவதாகப் பொய் சொன்னேன் என்றேன். வலி எத்தனை என்று டாக்டர் கேட்டபோது மூன்று என்று சொன்னேன், அது மூன்று இல்லை, எட்டு, தயவுசெய்து அதைத் திருத்துங்கள் என்றேன். என் இங்கிலீஷ் எங்கெல்லாமோ உடைந்தது. அவர் குறுக்கே பேசவில்லை, திட்டவும் இல்லை. தட்டெழுதும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு பிறந்த தேதியைக் கேட்டார். சொன்னேன்.

7

அதற்குப் பிறகுதான் இந்தத் திங்கள், புதன், வெள்ளி. வேறு வகை மாத்திரை, சின்ன அளவு, வாரம் மூன்று நாள். கூடவே குடலில் கொழுப்பு ஏறாமல் தடுக்கிற இன்னொன்று. கொழுப்பு மெதுவாக இறங்குகிறது. இது எனக்காக என் டாக்டர் போட்ட கணக்கு. யாரும் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம், யாருடைய பெட்டியிலிருந்தும் எடுத்துச் சாப்பிடவும் வேண்டாம். யாருக்காவது இனிமேல் நான் மாத்திரை கொடுத்தால் என் கையை வெட்டுவதாகத் தனம் சொல்லியிருக்கிறாள்.

காளிராஜின் ரத்தத்தில் அந்தச் சதைக் கணக்கு பயப்படுகிற அளவுக்கு ஏறியிருந்தது, இப்போது இறங்கிவிட்டது. இன்னும் இரண்டு மாதத்துக்குக் கலவை அறை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தீபாவளி சீசன் முழுக்கப் பெண்களோடு உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒட்டினான். என்னோடு பேசுகிறான். முன்பு போல நீட்டிப் பேசுவதில்லை.

யாழினி இன்னும் ரத்தம் கொடுக்கப் போகவில்லை. நடந்ததையெல்லாம் அவளுக்குத் தமிழில் எழுதி அனுப்பினேன், ஒன்றையும் விடாமல். ஒரு எழுத்தில்கூடப் பதில் வரவில்லை. நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. அவள் எனக்குப் போன் போட்டு எத்தனையோ மாதமாகிறது. ஈரக் கையோடு எடுத்தேன்.

"அம்மா," என்றாள் தமிழில், "அந்த மாத்திரையால முதல்ல எந்த இடத்துல வலிச்சுது?"

தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு, வெளியே போய், குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, கடுப்பு என்றால் என்ன, குடைச்சல் என்றால் என்ன என்று அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.